டிரான்ஸாக்ஷனை எங்கே திறப்பது, எங்கே மூடுவது: வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலையில் சேர்ந்த முதல் வாரம், டீமின் ப்ராஜெக்டைத் திறந்து பார்க்கிறீர்கள். பாதி மெத்தட்களின் தலையில் டிரான்ஸாக்ஷனல் என்ற அனோட்டேஷன் (ஸ்பிரிங்குக்கு நாம் எழுதும் குறிப்பு) உட்கார்ந்திருக்கிறது, மீதிப் பாதியில் இல்லை. ஏன் இங்கே இருக்கிறது, அங்கே இல்லை என்று சீனியரைக் கேட்டால், "எதற்கும் இருக்கட்டும் என்று போட்டோம்" என்று பதில் வரும். நானும் சில வருடங்கள் அப்படித்தான் திருநீறு பூசுவதுபோல அதைப் பூசிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரையில் ஜாவா மொழி, அதில் சர்வர் மென்பொருள் எழுத உதவும் ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மூன்றையும் வைத்துச் சொல்கிறேன். தினமும் நான் புழங்குவது இவற்றோடுதான். டாட்நெட்டிலோ ஜாங்கோவிலோ வேலை செய்பவருக்கும் பிரச்சினைகள் இவைதான், பெயர்கள் மட்டும் மாறும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: தமிழில் எழுதினால் பூட்டுவதும் 'லாக்', எழுதி வைப்பதும் 'லாக்'. அதனால் முதலாவதைப் பூட்டு என்றும், இரண்டாவதை லாக் ஃபைல் என்றும் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு மருந்து மொத்த விற்பனை செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆர்டர் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் ஆர்டர் போடுகிறார். ஆர்டர் டேபிளில் ஒரு வரி, ஆர்டர் விவர டேபிளில் நாலைந்து வரிகள், இருப்பு டேபிளில் கழிப்பு, கடன் கணக்கில் ஒரு பதிவு. இவை எல்லாம் சேர்ந்து நடக்க வேண்டும், இல்லை எதுவுமே நடக்கக் கூடாது. இப்படி ஒரே கட்டாக நடக்கும் வேலைதான் டிரான்ஸாக்ஷன். இந்தக் கருத்தைச் செதுக்கியவர்களில் முதன்மையானவர் ஜிம் கிரே. 1998-ல் டூரிங் விருது வாங்கியவர். இந்தக் கருத்தின் மூலம் ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது என்பது அவர் விளக்கம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேரம் பேசலாம், கையெழுத்துப் போடும் வரை யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. போட்ட பிறகு பின்வாங்க முடியாது. கமிட் என்பது அந்தக் கையெழுத்து.

முதல் படி: இரண்டு ஜன்னல் திறந்து கையால் செய்து பாருங்கள்

ஸ்பிரிங்கைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் கணினியில் போஸ்ட்கிரெஸ் போட்டு, பி-எஸ்க்யூஎல் (கட்டளை அடிக்கும் கருவி) ஜன்னல்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். 'இருப்பு' என்று ஒரு டேபிள். அதில் 7-ஆம் எண் மருந்து 60 பெட்டி இருக்கிறது. முதல் ஜன்னலில்:

பிகின்;
செலக்ட் அளவு ஃப்ரம் இருப்பு வேர் எண் = 7;

60 என்று வரும். இரண்டாவது ஜன்னலிலும் இதையே செய்யுங்கள். அங்கேயும் 60. இப்போது முதல் ஜன்னல்காரர் 30 பெட்டி விற்கிறார். 60-ல் 30 போக 30 என்று மனதில் கணக்குப் போட்டு எழுதுகிறார்:

அப்டேட் இருப்பு செட் அளவு = 30 வேர் எண் = 7;
கமிட்;

இரண்டாவது ஜன்னல்காரர் 50 பெட்டி விற்கிறார். அவர் பார்த்ததும் 60 தானே? எனவே அளவு = 10 என்று அப்டேட் செய்து கமிட் கொடுக்கிறார். எந்த எச்சரிக்கையும் வராது. இப்போது டேபிளில் 10 பெட்டி. விற்றதோ 80. இருந்ததே 60.

இருவரும் டிரான்ஸாக்ஷனுக்குள்தான் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அனோட்டேஷன் போட்டால் எல்லாம் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இதைப் பார்த்த அன்றுதான் விழித்தது. பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திரும்புவது ஒரு வாக்குறுதி. பக்கத்தில் ஓடும் இன்னொருவர் நம் காலை மிதிக்காமல் இருப்பது வேறு வாக்குறுதி. இரண்டாவது எவ்வளவு தூரம் கிடைக்கும் என்பது தனிமை நிலையை (ஐசொலேஷன் லெவல்) பொறுத்தது.

எஸ்க்யூஎல் தரம் நான்கு நிலைகளைச் சொல்கிறது: ரீட் அன்கமிட்டெட், ரீட் கமிட்டெட், ரிப்பீட்டபிள் ரீட், சீரியலைசபிள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றும் ரீட் கமிட்டெட்டில் ஓடும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி மட்டும் ரிப்பீட்டபிள் ரீட். பெயர் ஒன்றுதானே என்று ஏமாறாதீர்கள். மேலே செய்த சோதனையை ரிப்பீட்டபிள் ரீட்டில் ஓட்டினால், போஸ்ட்கிரெஸ் இரண்டாவது அப்டேட்டை 40001 என்ற பிழை எண்ணோடு நிறுத்திவிடும். மைஎஸ்க்யூஎல் சத்தமில்லாமல் மேலேயே எழுதிவிடும்.

இதே ஜன்னலில் இன்னொன்றும் பாருங்கள். பிகின் கொடுத்து, வேண்டுமென்றே இல்லாத டேபிள் ஒன்றிலிருந்து செலக்ட் செய்யுங்கள். பிழை வரும். அதற்குப் பிறகு சரியான செலக்ட் கொடுத்தாலும் போஸ்ட்கிரெஸ் ஏற்காது, ரோல்பேக் (செய்ததையெல்லாம் ரத்து செய்யும் கட்டளை) கொடுக்கும்வரை முரண்டு பிடிக்கும். லாக் ஃபைலில் 25P02 என்ற எண்ணைக் கண்டால் அந்த வரியை விட்டுவிட்டு மேலே தேடுங்கள். உண்மையான குற்றவாளி அதற்கு முந்தைய பிழை.

இரண்டாம் படி: எல்லையைச் சர்வீஸில் வையுங்கள்

கோரிக்கையை வாங்கும் கன்ட்ரோலர், வியாபார வேலையைச் செய்யும் சர்வீஸ், டேட்டாபேஸோடு பேசும் ரெபாசிட்டரி என்று மூன்று அடுக்கு இருக்கும். டிரான்ஸாக்ஷனின் இடம் நடு அடுக்கு. 'ஆர்டரை உறுதி செய்' என்பது வியாபாரத்தில் ஒரு வேலை. அந்த வேலைக்கு ஒரு மெத்தட், அந்த மெத்தடுக்கு ஒரு டிரான்ஸாக்ஷன்.

அனோட்டேஷனே போடாவிட்டால் என்ன ஆகும்? ஸ்பிரிங் டேட்டாவின் ரெபாசிட்டரிகளில் ஒவ்வொரு சேவ் அழைப்புக்கும் சொந்தமாக ஒரு டிரான்ஸாக்ஷன் உண்டு. ஆர்டர் சேவ் ஆகிக் கமிட். விவர வரிகள் சேவ் ஆகிக் கமிட். இருப்பைக் கழிக்கும்போது பிழை. ஆர்டர் இருக்கிறது, சரக்கு கழியவில்லை. இந்த அரை ஆர்டர்கள் மாதக் கடைசியில் கணக்குப் பிரிவிலிருந்து போனாக வரும்.

கன்ட்ரோலரில் போட்டால் வேறு தொல்லை: பதிலுக்கான டேட்டாவைத் தயார் செய்து முடிக்கும் வரை எல்லை நீண்டுகொண்டே போகும். அப்புறம், பதில் தயாராகி முடியும் வரை டேட்டாபேஸ் செஷனைத் திறந்தே வைத்திருக்கும் ஓப்பன்-இன்-வியூ என்ற அமைப்பு ஸ்பிரிங் பூட்டில் தானாகவே ஆன் ஆகியிருக்கும். அப்ளிகேஷன் கிளம்பும்போது லாக் ஃபைலில் அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரி வரும், பலரும் படிப்பதில்லை. புது ப்ராஜெக்ட் என்றால் முதல் நாளே ஆஃப் செய்யுங்கள். பழைய ப்ராஜெக்டில் அவசரப்பட்டு ஆஃப் செய்தால் லேஸி லோடிங் (தேவைப்படும்போதுதான் டேட்டாவை இழுப்பது) பிழைகள் வரிசையாகக் கிளம்பும், டீமில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: கையிருப்பைக் கழிக்கும் சரியான வழி

முதல் படியில் பார்த்த கோளாறுக்கு மூன்று மருந்து உண்டு.

எளியது, படித்துக் கணக்குப் போட்டு எழுதாமல் கணக்கை டேட்டாபேஸிடமே விடுவது:

அப்டேட் இருப்பு செட் அளவு = அளவு - 50 வேர் எண் = 7 அண்ட் அளவு >= 50;

இரண்டு ஜன்னலிலும் இதை ஓட்டிப் பாருங்கள், ஒன்றில் 30, மற்றொன்றில் 50 என்று. முதல் ஜன்னல் கமிட் கொடுக்கும்வரை இரண்டாவது ஜன்னல் கர்சர் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். கமிட் ஆனதும் போஸ்ட்கிரெஸ் புதிய மதிப்பை வைத்து நிபந்தனையை மறுபடி பார்க்கும். 30 இருக்கிறது, 50 வேண்டும், பொருந்தவில்லை. 'அப்டேட் 0' என்று வரும். அந்தப் பூஜ்யம் முக்கியம். அதைப் பிழையாக எண்ணாமல், கோடில் அந்த எண்ணிக்கையை வாங்கிப் பார்த்து "சரக்கு போதவில்லை" என்று சொல்வது உங்கள் பொறுப்பு. எண்ணிக்கையைப் பார்க்காமல் விட்ட கோடைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, படிக்கும்போதே வரியைப் பூட்டிவிடுவது: செலக்ட் ஃபார் அப்டேட். காலாவதித் தேதி பார்த்து, பேட்ச் பேட்சாகப் பிரித்து, சலுகை விதி பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்றால் ஒரே அப்டேட்டில் அடக்க முடியாது. அப்போது இது சரி. பூட்டு கமிட் வரை இருக்கும் என்பதால் வேலையைச் சட்டென்று முடிக்க வேண்டும்.

மூன்றாவது, டேபிளில் வெர்ஷன் என்று ஒரு நெடுவரிசை. ஜேபிஏவில் (ஜாவா ஆப்ஜெக்டுகளை டேபிள்களோடு இணைக்கும் தரம்) ஒரு ஃபீல்டுக்கு வெர்ஷன் அனோட்டேஷன் போட்டால், எழுதும்போது 'நான் படித்தபோது வெர்ஷன் 4, இன்னும் 4 தானா' என்று பார்த்துவிட்டு எழுதும். மாறியிருந்தால் எக்ஸெப்ஷன். ஒரு ஆள் திரையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்வந்து சேவ் அழுத்தும் இடங்களுக்கு இதுதான் பொருத்தம். அவர் டீ குடித்து வரும்வரை பூட்டை வைத்திருக்க முடியாதே. ஒன்று: திரைக்குக் கொடுத்த வெர்ஷன் எண் திரும்பி வந்து ஒப்பிடப்பட வேண்டும். சேவ் அழுத்தியதும் புதிதாக ஒருமுறை படித்து அதன்மேல் எழுதினால் இந்தக் காவலுக்கு அர்த்தமில்லை.

நான்காம் படி: ஸ்பிரிங் எங்கே காலை வாரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அனோட்டேஷன் தானாக எதுவும் செய்வதில்லை. உங்கள் க்ளாஸுக்கு முன்னால் ஸ்பிரிங் ஒரு ப்ராக்ஸியை நிறுத்துகிறது. வாசலில் நிற்கும் அதுதான் டிரான்ஸாக்ஷனைத் திறந்து மூடுகிறது. வெளியிலிருந்து வருபவர் வாசல் வழியாக வருவார். அதே க்ளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொரு மெத்தடை அழைத்தால் அது கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதுபோல, வாசலைத் தொடாது. எனவே உள்ளே அழைக்கப்பட்ட மெத்தடின் அனோட்டேஷனுக்கு மதிப்பில்லை. பிரைவேட் மெத்தடில் போட்டாலும் அதே கதி. பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. தேவைப்பட்டால் அந்த மெத்தடை வேறு க்ளாஸுக்கு நகர்த்துங்கள்.

அடுத்தது எக்ஸெப்ஷன். ரன்டைம் எக்ஸெப்ஷனும் எர்ரரும் வந்தால்தான் ஸ்பிரிங் ரோல்பேக் செய்யும். செக்டு எக்ஸெப்ஷன் (பிடிக்கவோ அறிவிக்கவோ வேண்டும் என்று ஜாவா கட்டாயப்படுத்துவது) வந்தால் அதுவரை எழுதியதைக் கமிட் செய்துவிடும். ஃபைல் எழுதும்போது ஐஓ எக்ஸெப்ஷன் வந்தது, மெத்தட் தோற்றது, ஆனால் டேட்டா போய் உட்கார்ந்துவிட்டது என்று குழம்பினால் காரணம் இதுதான். ரோல்பேக்ஃபார் என்று எழுதி எந்த எக்ஸெப்ஷன் என்று சொல்லுங்கள்.

இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. வெளி மெத்தட் உள் சர்வீஸை அழைக்கிறது. உள்ளே எக்ஸெப்ஷன், அதன் ப்ராக்ஸி 'இது ரோல்பேக்தான்' என்று குறித்துவிடுகிறது. வெளி மெத்தட் அதைப் பிடித்து விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்கிறது. முடிவில் கமிட் கேட்டால் அன்எக்ஸ்பெக்டெட் ரோல்பேக் எக்ஸெப்ஷன். இருவரும் ஒரே டிரான்ஸாக்ஷனில் இருந்தார்கள், உள்ளே இருப்பவர் ஏற்கெனவே கையெழுத்தை மறுத்துவிட்டார்.

அப்புறம், சேவ் என்று அழைத்தவுடன் எஸ்க்யூஎல் ஓடிவிடும் என்று நம்பாதீர்கள். ஜேபிஏவுக்குப் பின்னால் வேலை செய்யும் ஹைபர்னேட் மாற்றங்களைச் சேர்த்து வைத்து, ஃப்ளஷ் ஆகும்போதுதான் அனுப்பும். பெரும்பாலும் அது கமிட்டுக்குச் சற்று முன். சேவ் அழைப்பைச் சுற்றி ட்ரை-கேட்ச் போட்டு "ஒரே எண் இரண்டு முறை" என்ற பிழையைப் பிடிக்க நினைத்தால், பிழை அங்கே வராமல் மெத்தட் முடிந்த பிறகு வெடிக்கலாம். அங்கேயே பிடிக்க வேண்டுமென்றால் சேவ்-அண்ட்-ஃப்ளஷ்.

எந்த மெத்தடில் திறக்கிறது, எதில் மூடுகிறது என்று கண்ணால் பார்க்க ஒரு வழி: ஸ்பிரிங்கின் டிரான்ஸாக்ஷன் இன்டர்செப்டர் பேக்கேஜுக்கு லாக் அளவை ட்ரேஸ் என்று வையுங்கள். ஒவ்வொரு மெத்தடின் பெயரோடும் திறந்தது, முடித்தது என்று இரண்டு வரி வரும். புது ப்ராஜெக்டில் நான் முதலில் செய்வது இதைத்தான்.

ஐந்தாம் படி: எஸ்எம்எஸ், பணம், கூரியர் எல்லாம் எல்லைக்கு வெளியே

இங்கேதான் நான் சூடுபட்டேன். ஒரு நிறுவனத்தில் ஆர்டர் உறுதி செய்யும் மெத்தடில், இருப்பைக் கழித்த கையோடு கூரியர் கம்பெனியின் சேவையை அழைத்து டிராக்கிங் எண் வாங்கி, எஸ்எம்எஸ் அனுப்பி, பிறகு கடன் கணக்கை எழுதும்படி நான் எழுதியிருந்தேன். எல்லாம் ஒரே டிரான்ஸாக்ஷன். சோதனையில் பளிச்சென்று ஓடியது. தீபாவளிக்கு முந்தைய வாரம் கூரியர் பக்கம் மெதுவானது. பதில் வர இருபது, முப்பது விநாடி. கனெக்ஷன் பூலுக்கு (டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் திறந்து வைத்துப் பகிரும் தொகுப்பு) நாங்கள் பயன்படுத்திய ஹிகாரியில், எதுவும் சொல்லாவிட்டால் அதிகபட்சம் 10 கனெக்ஷன். பத்து ஆர்டர்கள் கூரியரின் பதிலுக்காகக் காத்திருந்தன, ஆளுக்கொரு கனெக்ஷனைக் கையில் பிடித்தபடி. பதினொன்றாவதாக வந்தவர் வெறும் லாகின் செய்ய வந்தவர். அவருக்கும் கனெக்ஷன் இல்லை. 30 விநாடி காத்திருந்து பிழை. மொத்த அப்ளிகேஷனும் படுத்துவிட்டது. டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்தால் சிபியு சும்மா இருக்கிறது. பூல் அளவை 50 ஆக்கினோம், ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தது.

அதைவிட மோசம் அடுத்த நாள் தெரிந்தது. சில ஆர்டர்களில் கடன் கணக்கு எழுதும்போது வரம்பு தாண்டிப் பிழை வந்து, எல்லாம் ரோல்பேக் ஆகியிருந்தன. ஆனால் எஸ்எம்எஸ் போய்விட்டது. கடைக்காரர்கள் கையில் ஆர்டர் எண்ணோடு குறுஞ்செய்தி, எங்கள் டேபிளில் அந்த எண்ணே இல்லை. அனுப்பிய எஸ்எம்எஸ்ஸை எந்த ரோல்பேக்கும் திரும்ப வாங்காது.

இதைச் சீர்செய்ய இரண்டு வழி. சின்ன வழி, கமிட் ஆன பிறகு ஓடும்படி நிகழ்வு கேட்பானை வைப்பது. ஸ்பிரிங்கில் டிரான்ஸாக்ஷனல் ஈவன்ட் லிசனர் என்று இருக்கிறது. சொல்லாவிட்டாலே அது கமிட்டுக்குப் பிறகுதான் ஓடும். அதற்குள் டேட்டாபேஸில் ஏதாவது எழுத வேண்டுமென்றால் புது டிரான்ஸாக்ஷன் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதியது நிற்காது. குறை என்னவென்றால், கமிட்டுக்கும் அனுப்புவதற்கும் நடுவில் சர்வர் செத்தால் அந்த எஸ்எம்எஸ் போகவே போகாது.

எஸ்எம்எஸ் விஷயத்தில் அது பரவாயில்லை. கூரியர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு அவுட்பாக்ஸ் டேபிள். ஆர்டரை எழுதும் அதே டிரான்ஸாக்ஷனில் 'கூரியருக்குச் சொல்ல வேண்டும்' என்று இன்னொரு டேபிளில் ஒரு வரி எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து கமிட் ஆகும். பின்னணியில் ஓடும் வேலை அந்த டேபிளைப் பார்த்து ஒவ்வொன்றாக அனுப்பி, முடிந்தது என்று குறிக்கும். அனுப்பிவிட்டுக் குறிப்பதற்குள் செத்தால் மறுபடி அனுப்பும். ஆகவே ஒரே செய்தி இரண்டு முறை போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து, அந்தப் பக்கம் அதை வைத்து இரண்டாவதைத் தள்ளும்படி செய்ய வேண்டும்.

தணிக்கைப் பதிவு மட்டும் எப்படியும் நிற்கட்டும் என்று ரிக்வயர்ஸ் நியூ (எப்போதும் புது டிரான்ஸாக்ஷன் திற என்ற அமைப்பு) போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது வெளி டிரான்ஸாக்ஷனின் கனெக்ஷனைப் பிடித்துக்கொண்டே இரண்டாவது கனெக்ஷன் கேட்கும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால், பத்தும் போய்விட்ட பூலில் பதினொன்றாவது யாருக்கும் கிடைக்காது.

ஆறாம் படி: டெட்லாக் வரும், மறுமுயற்சி எழுதி வையுங்கள்

ஒரு ஆர்டரில் மருந்து 7, பிறகு 12. இன்னொன்றில் 12, பிறகு 7. இருவரும் முதல் வரியைப் பூட்டிக்கொண்டு மற்றவரின் வரிக்காக நிற்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் ஒரு விநாடி காத்திருந்து, சுற்று இருக்கிறதா என்று பார்த்து, ஒருவரை 40P01 பிழையோடு வெளியேற்றும். பாதிக்குமேல் டெட்லாக்குகள், கழிப்பதற்கு முன் மருந்து எண் வாரியாக வரிசைப்படுத்திவிட்டாலே போய்விடும். ஒரே ஒரு வரிக் கோடு.

மீதிக்கு மறுமுயற்சி. 40001, 40P01 இரண்டுக்கும் மட்டும், மூன்று முறை, நடுவில் கொஞ்சம் முன்பின்னான இடைவெளியோடு. மறுமுயற்சி டிரான்ஸாக்ஷனுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே சுற்றினால் ஏற்கெனவே செத்துப்போன டிரான்ஸாக்ஷனை எழுப்பப் பார்ப்பீர்கள். முழு மெத்தடும், படிப்பது உட்பட, புதிதாக ஓட வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்லில் இருப்பவர்களுக்கு: டெட்லாக் என்றால் 1213, முழு டிரான்ஸாக்ஷனும் ரோல்பேக் ஆகும். பூட்டுக்குக் காத்திருந்து 50 விநாடி தாண்டினால் 1205. அமைப்பை மாற்றாவிட்டால் கடைசிக் கட்டளை மட்டுமே ரத்தாகும், டிரான்ஸாக்ஷன் திறந்தே இருக்கும். தொடர்ந்து கமிட் கொடுத்தால் பாதி வேலை நின்றுவிடும். டேபிளை மாற்றும் ஆல்டர் கட்டளைகள் அங்கே தாமாகவே கமிட் செய்துவிடும் என்பதையும் மைக்ரேஷன் எழுதும்போது மறக்காதீர்கள்.

ஏழாம் படி: தூங்கும் டிரான்ஸாக்ஷன்களைத் தேடுங்கள்

பிஜி-ஸ்டாட்-ஆக்டிவிட்டி என்ற பார்வையில், ஸ்டேட் நெடுவரிசையில் 'ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்' என்று இருக்கும் வரிகளைத் தேடி, திறந்து எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். திறந்துவிட்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவை அவை. பூட்டுகளையும் விடாது, பழைய வரிகளை வேக்கம் (போஸ்ட்கிரெஸின் துப்புரவு வேலை) சுத்தம் செய்யவும் விடாது; டேபிள் வீங்கிக்கொண்டே போகும். பெரும்பாலும் ஐந்தாம் படியில் சொன்ன வெளி அழைப்பு, இல்லாவிட்டால் யாரோ பிகின் அடித்துவிட்டுச் சாப்பிடப் போன ஜன்னல். போஸ்ட்கிரெஸ் 9.6 முதல் இதற்கென்றே ஒரு கால வரம்பு அமைப்பு இருக்கிறது. சொல்லாவிட்டால் வரம்பே இல்லை. இரவு ஓடும் பெரிய வேலைகளையும் லட்சம் வரி ஒரே டிரான்ஸாக்ஷனாக விடாமல் ஆயிரம் ஆயிரமாக வெட்டுங்கள், எதுவரை முடிந்தது என்று குறித்துக்கொண்டு.

எட்டாம் படி: டெஸ்டில் உண்மையாகக் கமிட் செய்யுங்கள்

டெஸ்ட் க்ளாஸின் தலையில் டிரான்ஸாக்ஷனல் போட்டால் ஒவ்வொரு டெஸ்ட்டும் முடிந்ததும் ரோல்பேக் ஆகும். சுத்தமாக இருக்கிறது, சௌகரியம்தான். ஆனால் கமிட்டே நடக்காததால் கமிட்டில் வெடிக்கும் பிழைகள் தெரியாது, கமிட்டுக்குப் பிறகு ஓட வேண்டியவை ஓடாது. சர்வீஸில் நீங்கள் அனோட்டேஷன் மறந்திருந்தாலும் டெஸ்டின் டிரான்ஸாக்ஷன் அதை மூடி மறைத்துவிடும். முக்கியமான வேலைகளுக்கு அதை எடுத்துவிட்டு, டெஸ்ட் முடிந்ததும் டேபிள்களை நீங்களே காலி செய்யுங்கள். டெஸ்டுக்குப் பலர் வைக்கும் ஹெச்2 என்ற சின்ன டேட்டாபேஸ் வேண்டாம், பூட்டு விஷயத்தில் அது போஸ்ட்கிரெஸ் மாதிரி நடக்காது. டெஸ்ட்கன்டெய்னர்ஸ் வைத்து நிஜப் போஸ்ட்கிரெஸையே ஏற்றுங்கள்.

கடைசியாக ஒரு டெஸ்ட் எழுதிப் பாருங்கள். 7-ஆம் எண் மருந்து 60 பெட்டி. இரண்டு த்ரெட், ஒன்று 30 பெட்டிக்கு, மற்றொன்று 50 பெட்டிக்கு, இரண்டும் ஒரே நொடியில் கிளம்பும்படி. முடிவில் ஒரு ஆர்டர் மட்டும் இருக்க வேண்டும், கையிருப்பு 30 அல்லது 10. அதை நூறு முறை சுற்ற விடுங்கள். ஒரே ஒரு முறை இரண்டு ஆர்டர்களும் வெற்றி என்று வந்தாலும், மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய், அப்டேட் தந்த எண்ணிக்கையைப் பார்த்தீர்களா என்று பாருங்கள்.